தோளில் மூன்று ஒத்துக்காரர்கள்

என் மாமன் ஊதிய வாத்தியத்தைக் கேட்டுவிட்டு, பரவாயில்லை என்று சொன்னவர் எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. ஒன்று, கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். இல்லையென்றால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் அம்மாவை ஏசுவார்கள். ஊதியவர் அம்மாவின் தம்பி. அவரை நேராக ஏசினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்பதால் ஏச்செல்லாம் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. நான் முதல் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவி என்றுகூட என்னைச் சொல்லலாம். அப்போது எனக்குப் பத்து வயது. ஏரியூருக்கு அப்பால், மேட்டூர் அணைத் தண்ணீர் நிறைந்தால் வந்து முட்டுகிற ஒரு சின்ன ஊரில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமன் பட்டாளத்தில் பைப்பு ஊதியவர். பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம், ஒரு தகரப் பெட்டியும் கட்டம்போட்ட துணியில் சுற்றிய ஒரு மூட்டையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். மூட்டையைப் பிரித்தபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. உள்ளே ஆட்டுத்தோலில் தைத்த பெரிய பை, அதிலிருந்து கைகால்போல நீட்டிக்கொண்டு ஐந்து குழல்கள். ஒரு குழலை வாயில் வைத்துப் பைக்குள் காற்றை ஊதி நிரப்ப வேண்டும். பையை அக்குளில் இடுக்கி அமுக்கினால் மற்ற குழல்கள் வழியாக அந்தக் காற்று சத்தமாக வெளியே வரும். கீழே தொங்கும் குழலில் விரல் வைத்து வாசிப்பார். மீதி மூன்றும் தோள்மேல் சாய்ந்துகொண்டு, என்ன வாசித்தாலும் கவலைப்படாமல் ஒரே சுரத்தை முழங்கிக்கொண்டிருக்கும்.

முதல்நாள் ஊதியபோது எங்கள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டது. அதைப் பிடித்துக்கட்டிவிட்டு வந்த நேரத்திலிருந்தே அப்பா எதிர்க்கட்சி. போதாக்குறைக்கு அந்தப் பை தேன் வேறு குடித்தது. தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க, மாதத்துக்கு ஒருமுறை மலைத்தேனை இளஞ்சூடாக்கி உள்ளே ஊற்றிக் குலுக்கி வைப்பார் மாமன். வீடு முழுக்க எறும்பு. "நாம தேன நாக்குல வெச்சுப் பாத்து எத்தன மாசமாச்சு, உன் தம்பியோட ஆட்டுக்குட்டிக்கு மட்டும் தவறாம ஊட்டு" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி, பைப்புச் சத்தத்தில் தன் எருமை பால் சுரக்க மறுக்கிறது என்றாள். அந்த எருமை மாமன் வருவதற்கு முன்னாலும் அவ்வளவுதான் கறந்தது. அதை அவளிடம் சொல்லி நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். டீக்கடைக்காரர் எங்கள் பக்கம், ஏனென்றால் மாமன் ஊதினால் கடையில் கூட்டம். பூசாரியோ, சாவுச்சத்தம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்கள் கட்சிக்குப் பலம் சேர்த்தவர் பெண்ணாகரத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த நாதசுர வித்வான். மாமன் ஊதுவதைத் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். பிறகு தன் பின்னால் நின்ற ஒத்துக்காரரைக் காட்டினார். நாதசுரத்துக்குச் சுருதி பிடிக்க, ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதுகிறவர்தான் ஒத்துக்காரர். "எனக்கு ஒரு ஒத்துக்காரன். அவனுக்குச் சோறு போடணும், துணி எடுக்கணும், கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணணும். இவரு மூணு ஒத்துக்காரங்களத் தோள்ல சாச்சு வெச்சிருக்காரு. சுருதி சுத்தமா நிக்குதுங்க" என்றார் வித்வான். இதை நான் வருஷம் முழுக்க, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமனைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு வாத்தியம் மட்டும்தான் என்றில்லை. எதற்கும் அஞ்சாத மனிதர் அவர். மேட்டுக்காட்டில் கிணறு வெட்டும்போது பாறைக்கு வேட்டு வைப்பார்கள். வேட்டு வெடித்தால் அப்பா உட்பட எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். மாமன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் நிதானமாக நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பார். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பட்டாளத்துத் திமிர் என்று ஊர் சொன்னது; பட்டாளத்துக் கம்பீரம் என்று நான் சொன்னேன். அவரிடம் பேச எனக்கு ஒரு சட்டமும் இருந்தது. நான் எங்கேயாவது பார்த்துக்கொண்டு பேசினால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவார். "மூஞ்சியப் பாத்துப் பேசு பாப்பா. பட்டாளத்துல அப்படித்தான்." நான் வகுப்பில் எல்லோர் தாடையையும் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அவர் வாசித்துக்கொண்டே என் தலையைப் பிடித்துத் தன் விலாவில், பை அழுந்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காதை வைக்கச் சொன்னார். விலாவெலும்பு கிடுகிடுவென்று அதிர்ந்தது. என் பற்கள்கூடக் கூசின. வாசிப்பை நிறுத்திவிட்டு, "இங்க கேளு. இங்கதான் நல்லாக் கேக்கும்" என்றார். எனக்குக் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஊர்க்கவுண்டரின் அப்பா அந்த வருஷம் படுத்த படுக்கையாகிவிட்டார். தொண்ணூறைத் தொட்டவர், இன்றோ நாளையோ என்று ஊர் காத்திருந்தது. ஆடி பிறந்தவுடன் ஊர்க்கவுண்டர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "எங்கப்பன் உசுரு ஊசலாடிட்டுக் கெடக்குது, இவன் வாசல்ல ஒக்காந்துக்கிட்டு ஓலமிடறான். இனிமே ஊருக்குள்ள அந்தப் பைய எடுக்கக் கூடாது" என்று முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். மாமன் பைப்பைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க, சரிங்க" என்று சிரித்தார். மறுநாள் காலை எடுத்து ஊதினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊர்க்கவுண்டரையே மதிக்காத மாமன் வேறு யாருக்கு உண்டு? அம்மாதான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு எதிரே நின்று என்னவோ சொன்னாள். வெளியே வந்த மாமன் பைப்பைக் கட்டம்போட்ட துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் அவராக இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தொட்டுக் கூப்பிட வேண்டும். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். யார் என்ன பேசினாலும் ஒரு சிரிப்பு, ஒரு "சரிங்க". அப்பாவோ, பையைச் சந்தையில் தள்ளிவிட்டு இரண்டு ஆடு வாங்கலாம், அதுகளாவது நேரத்துக்குக் கத்தும் என்றார். அதற்கும் மாமன் சிரித்துச் சரிங்க என்றுவிட்டார். பெட்டியை எந்தச் சந்தை நாளில் தூக்குவார்களோ என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. சுதந்திர தினம் வந்துகொண்டிருந்தது. கொடியேற்றும்போது என் மாமன் பைப்பு ஊதுவார் என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன். யாரைக் கேட்டு அறிவித்தேன் என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். கொடியேற்றுகிற இடத்தில் அந்தச் சத்தம் கூடவே கூடாது என்று முடிவாகச் சொன்னார். நான் விடவில்லை. மாமன் பெட்டியின் அடியில் ஒரு காகிதம் இருந்தது. இங்கிலீஷில் தட்டச்சு அடித்து, சிங்கமுக முத்திரை குத்தி, பெரிய கையெழுத்துப் போட்டது. அது அவருடைய வீரத்துக்குச் சர்க்கார் கொடுத்த பத்திரம் என்று நானாகவே முடிவுகட்டி, ஏற்கெனவே ஒருமுறை வகுப்பில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது. அதைத் திரும்பவும் எடுத்துக்கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்தேன்.

தலைமையாசிரியர் படித்தார். முதலிலிருந்து இன்னொருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இத வெளிய யாருக்கும் காட்டாதம்மா. எடுத்த எடத்துலயே வெச்சுரு" என்றார். பிறகு, "மாமனை வரச் சொல்லு" என்றார். முத்திரையைக் கண்டு பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே அவர் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். அந்த ஒரு நாள் ஊதலாம். அதில் ஊர் திருப்திப்பட்டால் மேற்கொண்டு பார்க்கலாம். இல்லையென்றால் பைப்பு ஊரைவிட்டே போய்விட வேண்டும். இதுதான் தீர்ப்பு.

சுதந்திர தினத்தன்று விடிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். வாசிப்பதற்கு முன்னால் அந்த மூன்று ஒத்துக்குழல்களையும் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து ஊதிச் சுருதி சேர்க்க வேண்டும். ஒரு மாதம் சும்மா கிடந்த பைப்புக்கு அது லேசில் ஆகிற வேலை இல்லை. வீட்டில் செய்தால் காலையிலேயே யாராவது வாயைத் திறப்பார்கள். மாமனின் முகத்துக்கு நேரே நின்று, "தண்ணிக்கரைக்குப் போயிரலாங்க மாமா. அங்க யாருக்கும் கேக்காது" என்றேன். இருவரும் போனோம். அவர் தண்ணீரைப் பார்த்து நின்று அரை மணி நேரம் சுருதி சேர்த்தார். வழக்கமாக விரல் வைத்துப் பார்த்தே நிமிஷத்தில் முடித்துவிடுகிறவர், அன்று கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். நான் ஊருக்குப் போகும் பாதையில் காவல் நின்றேன். தண்ணீருக்கு அந்தப் பக்கமும் ஒரு ஊர் இருக்கிறது என்பது என் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பெண்ணாகரத்திலிருந்து ஒரு ஆபீசர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் எதிர்பாராதபடி ஊர்க்கவுண்டரின் அப்பாவும் வந்திருந்தார், கயிற்றுக்கட்டிலில், நான்கு பேர் தூக்க. அந்தச் சத்தம் ஏன் நின்றுபோயிற்று என்று ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு மகனை அரித்திருக்கிறார் கிழவர். புங்கமரத்து நிழலில் கட்டிலைப் போட்டார்கள்.

கொடி மேலே போய் விரிந்தது. தலைமையாசிரியர் மாமனுக்கு எதிரே நின்று வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தினார். மாமன் ஊத ஆரம்பித்தார். பட்டாளம் நடந்துபோகும்போது வாசிக்கும் நடைப்பாட்டு அது. மூன்று ஒத்துக்காரர்களும் தோளில் நின்று முழங்க, கீழே அவர் விரல்கள் ஓடின. ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரி காதைப் பொத்தவில்லை. பூசாரியின் கால்கூடத் தாளம் போட்டது. நான் கண்ணால் பார்த்தேன். இவர் என் மாமன், என் மாமன் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அப்போதுதான் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது. பத்துப் பதினைந்து பேர், பரிசலில் வந்து இறங்கிய அக்கரைக்காரர்கள். எல்லோரும் ஊர்க்கவுண்டருக்கு உறவுமுறை. ஆண்கள் கையில் ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய பெரிய மாலை, கோடித்துணி. பெண்கள் தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, "எங்களையெல்லாம் உட்டுட்டுப் போயிட்டீங்களே பெரியய்யா" என்று நேராகப் புங்கமரத்துக் கட்டிலைப் பார்த்து ஓடி வந்தார்கள். சுற்றி உட்கார்ந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாமன் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஊதிக்கொண்டே இருந்தார்.

கட்டிலில் இருந்த கிழவர் தலையைத் தூக்கி, "யாரு செத்தது?" என்று கேட்டார்.

ஒப்பாரி அறுந்து நின்றது. தலைமையாசிரியர் கைக்குட்டையைக் கீழே இறக்கினார், பைப்பும் நின்றது. மாலை வைத்திருந்தவர் கிழவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார். "வெள்ளனே தாரச் சத்தம் கேட்டுச்சுங்க மாமா. அர மணி நேரம் உடாம இழுத்துச்சு. இந்த ஊர்ல பெரிய சாவுன்னா உங்களதான்னு..." எங்கள் பக்கத்தில் பெரிய சாவு விழுந்தால் தாரை என்கிற நீளக் கொம்பைத் தண்ணீரைப் பார்த்து, ஒரே சத்தமாக இழுத்து ஊதுவார்கள். அக்கரையில் இருக்கும் சொந்தம் அதைக் கேட்டுப் புறப்பட்டு வரும். மாமன் சுருதி சேர்த்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள். கரைக்குக் கூட்டிப் போனவள் நான்.

ஊர்க்கவுண்டருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "உசுரோட இருக்கற எங்கப்பனுக்கு ஒப்பாரி வெக்க வெச்சுட்டியேடா! இன்னிக்கே அந்தப் பைய ஊர உட்டு எடுத்துட்டுப் போயிரு" என்று பின்னாலிருந்து கத்தினார். மாமன் திரும்பவே இல்லை. ஊர்க்கவுண்டர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டிக் காட்டியதும் சிரித்து, "சரிங்க" என்றார். எனக்கு அழுகை பொங்கியது. நான்தான், நான்தான் கூட்டிப் போனேன் என்று சொல்லக் கூட்டத்தை முட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

அந்த நேரத்தில் புங்கமரத்தடியில் இருமல் கேட்டது. கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து, பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக்கொடுக்கும்படி ஆகிவிட்டது. "எனக்குக் கொண்டாந்த மாலதான அது? அப்ப அத யாருக்குப் போடறதுன்னு நான்தான் சொல்லணும். அவனுக்குப் போடுங்க" என்றார். பிணத்துக்கு வந்த மாலையை உயிரோடிருக்கிற மனிதனுக்கு யார் போடுவார்கள்? அக்கரைக்காரர் மாலையை ஏந்தியபடி நான்கடி வந்து நின்றுவிட்டார். மாமன் அவரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். குதிகால் இரண்டையும் சேர்த்துத் தட்டி விறைப்பாக நின்று, தலையைக் குனிந்து கொடுத்தார். கூட்டத்தில் பெண்கள் "அய்யோ" என்றார்கள். மாலை கழுத்தில் விழுந்தது. மாமன் நிமிர்ந்தபோது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"இன்னொருக்கா ஊதச் சொல்லு. நான் போறன்னிக்கும் தார வேணாம், இவன்தான் ஊதணும்" என்றார் கிழவர் மகனைப் பார்த்து. அப்பன் வாயால் வந்த பிறகு ஊர்க்கவுண்டர் என்ன செய்வார்? தலைமையாசிரியர் கைக்குட்டையை உயர்த்தினார். அழ வந்தவர்கள் அழுத கண்ணோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஆரஞ்சு மிட்டாயும் வாங்கித் தின்றுவிட்டுப் பரிசல் ஏறினார்கள்.

கூட்டம் கலைந்தபோது தலைமையாசிரியர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சந்தைக்குப் போய் வந்தவர் ஒரு பாட்டில் மலைத்தேனை அம்மா கையில் கொடுத்து, "பைக்கு" என்றார். எதிர்க்கட்சி சரணடைந்துவிட்டது என்று நான் தெருவெல்லாம் சொன்னேன். கிழவர் மேலும் இரண்டு வருஷம் இருந்தார். அவர் போன அன்று, சொன்னபடியே, மாமன் தண்ணீர்க் கரையில் நின்று ஊதினார். அக்கரைக்காரர்கள் சாயங்காலம்வரை வரவில்லை. மாமன் பழகுகிறார் என்று இருந்துவிட்டார்களாம்.

பதினோராம் வகுப்பு முடித்த வருஷம், மாமனின் பென்ஷனுக்கு ஒரு மனு எழுத வேண்டியிருந்தது. அம்மா பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அப்போது எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும்போது பக்கத்தில் குண்டு வெடித்ததால் இரண்டு காதும் கேட்காமல் போய், பட்டாள வேலைக்கு இனி உதவமாட்டார் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பைப்பு ஊதுகிறவர்கள்தான் சண்டையில் அடிபட்டவர்களைத் தூக்க வேண்டுமாம். காது கேட்காதவன் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்து அம்மா மூடி மூடி வைத்திருக்கிறாள். மாமனுக்குக் கல்யாணமான பிறகும், மூடிய வாயைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வேட்டு, தாடையைப் பிடித்துத் திருப்பியது, அந்தச் "சரிங்க" எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அக்கரையிலிருந்து பரிசல் போட்டுத் தனக்கு மாலை கொண்டுவந்தார்கள் என்று மாமன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் மறுத்ததில்லை. அஞ்சாத மனிதர் என்று ஊரெல்லாம் சொன்னதையும் நான் இன்றுவரை திரும்பப் பெறவில்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு ஊர் நடுவில் நின்று சுருதி பிசகாமல் ஊதிய மனிதரை வேறு எப்படிச் சொல்வது?

என்னை உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். "இங்கதான் நல்லாக் கேக்கும்" என்று என் தலையைத் தன் விலாவில் வைத்து அழுத்தினாரே, அன்று எனக்குச் சொல்ல அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதைச் சொல்லியும்விட்டார். நான் கிச்சுகிச்சு தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.